வழுக்கி விழுந்தவர்களின் டொக்டரய்யா

டொக்டரய்யா தங்கமான மனிதர் என்று எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் பென்சன் எடுத்துக்கொண்டு மகன் வீட்டோடு போய் இரண்டு வருசமாகிறது. கோயில் கமிட்டிக்காரர்கள் இன்னும் அவரை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள். "இப்ப வந்திருக்கிறவன் மனுசனாங்க டீச்சர்? மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கிறான். அந்த ஐயா மாதிரி வருமா?" என்று என்னிடமே வந்து சொல்கிறார்கள். நான் பேசாமல் பிள்ளைகளுக்குச் சத்துமா உருண்டை பிடித்துக்கொண்டிருப்பேன். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும்.

இன்றைக்குத் திறக்கிறேன். யார் என்ன நினைத்தாலும் சரி.

எங்கள் தோட்டம் யட்டியாந்தோட்டைக்கு மேலே, பாதி ரப்பர், பாதி தேயிலை. பிள்ளைமடுவமும் டிஸ்பென்சரியும் ஒரே கட்டடம். வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளை இந்தப் பக்கம் நான் பார்த்துக்கொள்வேன். அந்தப் பக்கம் அவர் மருந்து கொடுப்பார். நடுவில் இருப்பது ஒரு பலகைத் தட்டி, அதுவும் கூரைவரை போகாது. இப்படிப் பன்னிரண்டு வருசம் இருந்தோம். அவர் பேசியதெல்லாம் என் காதில் விழுந்திருக்கிறது. ஒட்டுக் கேட்டேன் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். இருபது பிள்ளைகளைக் காதைப் பொத்திக்கொண்டு பார்க்க முடியாது.

அவர் டொக்டர் இல்லை. பயிற்சி எடுத்துவிட்டு வந்த தோட்டத்து மருந்துக்காரர். காய்ச்சல், வயிற்றோட்டம், அட்டை கடித்த புண் எல்லாம் பார்ப்பார். அதற்கு மேலே போனால் ஒரு துண்டு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். ஆனாலும் எல்லாருக்கும் அவர் டொக்டரய்யாதான். ஆள் குள்ளம். நெற்றியில் சந்தனப் பொட்டு. சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கழுவி விரல்கள் வெளுத்துப் போயிருக்கும். யாரையும் அதட்டமாட்டார். தன்னைவிட மூத்தவளையும் 'மகள்' என்பார். அந்த ஒரு சொல்லுக்கே எங்கள் பெண்கள் உருகிப் போவார்கள். வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லையே!

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. முகம் வீங்கி, உதடு கிழிந்து ஒருத்தி வந்து நின்றால், வேறு எந்த வைத்தியனும் "என்ன நடந்துச்சு?" என்று கேட்பான். இவர் கேட்கமாட்டார்.

"எங்க மகள் வழுக்குச்சு?"

கேட்டாயிற்று. விழுந்ததை அவரே முடிவு செய்துவிட்டார், இடத்தை மட்டும் அவள் சொன்னால் போதும். அவளும் ஒரு நிமிசம் யோசித்துவிட்டு, "பீலிக்கரையிலங்க" என்பாள். பீலிக்கரை என்றால் எங்கள் சனம் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் வருகிற இடம், எப்போதும் பாசி பிடித்துக் கிடக்கும். "ஆ, அங்க பாசிதான். பாத்து நடக்கணும் மகள்" என்று சொல்லிக்கொண்டே புத்தகத்தில் இங்கிலீசில் எழுதிக்கொள்வார். பிறகு பஞ்சில் மருந்து தொட்டு, வலிக்காமல், ஊதி ஊதித் தடவுவார். அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவாள்.

கசிப்பைக் குடித்துவிட்டு இருட்டில் ஒற்றையடிப் பாதையில் தள்ளாடி வருகிற எங்கள் ஆம்பிளைகள் ஒருத்தரும் வழுக்கி விழுந்ததாக அந்தப் புத்தகத்தில் இல்லை. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் மலையில் ஆடு மாதிரி ஏறி இறங்குகிற பெண்கள்தான் விழுந்துகொண்டே இருந்தார்கள். அதுவும் சம்பளம் போட்ட மறுநாள். சனிக்கிழமைகளில் இன்னும் கொஞ்சம் கூட.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் மறைத்துவிட்டு அந்தச் சோற்றைத் தானே சாப்பிடவும் செய்தார். ஒரு வருசம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, பீலிக்கரைப் படியில் பெண்கள் அடிக்கடி விழுந்து காயப்படுகிறார்கள், ஆவன செய்யவும் என்று தோட்டத்தை நடத்துகிற துரைக்குக் கடிதம் எழுதினார். அப்போதிருந்த சிங்களத் துரை புதிதாக வந்தவர், நல்ல மனது. கடிதத்தைப் படித்துப் பதறிப்போய், இரண்டு வாரத்தில் படிக்கட்டுக்குச் சிமெந்து பூசி இரும்புக் கைப்பிடியும் போட்டுக் கொடுத்தார். திறப்பு விழா வேறு! சிவப்பு நாடா, பாற்சோறு, டொக்டரய்யாவுக்கு மாலை. நாடா வெட்டுகிற கத்திரிக்கோலைத் தட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குக் கண்ணைச் சுற்றி நீலம் இன்னும் மாறியிருக்கவில்லை. எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன், பாற்சோறும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அடுத்த சனிக்கிழமையே தட்டிக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. "எங்க மகள் வழுக்குச்சு?" "ஆறாம் நம்பர் மலையிலங்க." பாவம், பீலிக்கரையை இனிச் சொல்ல முடியாதே, இடத்தை மாற்றிக்கொண்டார்கள்.

அவரிடம் நல்லதே இல்லையா என்று கேட்டால் இருந்தது. அதையும் சொல்லாவிட்டால் பாவம். அடைமழையில் இழுப்பு வந்த குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு மேல் பிரிவிலிருந்து ரோட்டுவரை நடந்தே வந்திருக்கிறார். பாம்பு கடித்தவனின் பக்கத்தில் விடிய விடியக் குந்தியிருக்கிறார். இப்படிப்பட்டவர் ஒரு கெட்டவராக இருந்துவிட்டால் எனக்கு எவ்வளவு சுலபமாயிருக்கும்! அவர் கெட்டவர் இல்லை, கோழை. ஊருக்கு நல்லவராகவே இருந்து செத்துப்போக ஆசைப்பட்ட கோழை.

கொரோனா வந்தது. கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலைக்கு நின்ற ஆம்பிளைகள் எல்லாரும் மூட்டையோடு வந்து லயத்து ஒற்றை அறைக் காம்பராக்களில் அடைந்தார்கள். ஊரடங்கு. ஆனாலும் தோட்ட வேலைக்கு அனுமதி இருந்தது, ரப்பர் மரம் கொரோனா பார்த்தா பால் விடுகிறது? ஆகவே பெண்கள் விடிய முன்னே பால் வெட்டப் போனார்கள். ஆம்பிளைகள் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் குந்திக்கொண்டு, வெயிலைப் பார்த்து, மேலே காட்டுக்குள் காய்ச்சுகிற கசிப்பைக் குடித்து, சாயங்காலம் வந்தவளிடம் கணக்குத் தீர்த்தார்கள். ஒரு முச்சக்கர வண்டி ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, "வெளியே வராதீர்கள், வீட்டிலேயே பாதுகாப்பாக இருங்கள்" என்று இரண்டு பாசையிலும் கத்திக்கொண்டு போகும். வீடு பாதுகாப்பாம்! எந்த மகராசன் எழுதிக் கொடுத்தானோ!

டொக்டரய்யா டிஸ்பென்சரி வாசலில் மேலிருந்து கீழ்வரை பொலித்தீன் கட்டித் தொங்கவிட்டார். நாங்கள் வெளியே ஆறடி தள்ளி நிற்கவேண்டும். "ஆறடி மகள், ஆறடி" என்பார். மருந்தை ஒரு தட்டில் வைத்து, விளக்குமாற்றுக் கட்டையால் வெளியே தள்ளிவிடுவார். பஞ்சில் தொட்டு ஊதித் தடவியதெல்லாம் போயிற்று. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் பொலித்தீனைத் தாண்டி வந்துகொண்டுதான் இருந்தது. அந்த மாதங்களில் எங்கள் தோட்டம் முழுக்கவே வழுக்கியது.

யோகாவைப் பற்றிச் சொல்லவேண்டும். யோகேஸ்வரி, பால் வெட்டுகிறவள், முப்பது வயது இருக்காது. மூன்று வயது மகள் என் பிள்ளைமடுவத்தில் இருந்தாள். புருசன் கொழும்பில் கொத்து ரொட்டி போடுகிறவன். தகடு இரண்டைக் கையில் கொடுத்தால் மேளம் மாதிரி வாசிப்பான் என்று லயத்தில் எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். அந்தக் கை மூன்று மாதம் வேலையில்லாமல் கிடந்தது. ஒரு நாள் யோகாவின் மணிக்கட்டை முறித்துவிட்டான்.

நான்தான் அவளை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன்.

"எங்க மகள் வழுக்குச்சு?"

"அவ வழுக்கலைங்கய்யா. புருசன் முறிச்சிருக்கான்" என்றேன்.

பொலித்தீனுக்குப் பின்னால் அவர் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. "டீச்சர், கை முறிஞ்சிருக்கு. கையப் பாக்கிறதுதான் நம்ம வேல" என்றார். துண்டை எழுதித் தட்டில் வைத்துத் தள்ளினார். நான் எடுத்துப் படித்தேன். எனக்கும் அந்த அளவு இங்கிலீசு தெரியும். விழுந்தது என்றுதான் எழுதியிருந்தார்.

அந்தத் துண்டு இல்லாமல் அப்போது ரோட்டில் பொலிஸ் தடையைத் தாண்ட முடியாது. கூட ஒருத்தர் போகலாம். யார் போவது? புருசன்தான் போனான். ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் நிற்க, சிங்களத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் அவனே பதில் சொல்ல, அவளுக்கு மாவு கட்டி அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த மாவுக்கட்டோடு அவளைச் சோறு வடிக்கச் சொன்னானாம். பக்கத்துக் காம்பரா செல்வி வந்து சொன்னாள்.

செல்வியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யோகாவின் காம்பராவுக்கும் அவள் காம்பராவுக்கும் ஒரே சுவர். வாயாடி, கெட்டிக்காரி, எதையும் பட்டென்று பிடித்துக்கொள்வாள். புருசன் தேவாரம் பாடுகிறவன், குடிக்கமாட்டான். அவள் பெயர் டொக்டரய்யாவின் புத்தகத்தில் ஒரு தரம்கூட ஏறியதில்லை.

அதற்குப் பிறகு நான் டவுனில் பெண்கள் விசயம் பார்க்கிற உத்தியோகத்தர் ஒருவருக்குப் போன் எடுத்தேன். யாழ்ப்பாணத்து மிஸ். நல்ல பிள்ளை, அவசரப்படாமல் பேசுவார்.

"நீங்கள் அவவை எப்பிடியாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கோ" என்றார். "புருசன் பக்கத்தில நிண்டா அவ வாய் திறக்க மாட்டா. ஆனா துண்டில உண்மை இருந்துதெண்டா, வாட்டில அவவை மறிச்சு வைச்சு எங்களுக்கு அறிவிப்பினம். பிறகு போய் இருக்கிறதுக்கு இடம் நாங்கள் பாப்பம். அந்த ஒரு வசனம் தான் வேணும்."

ஒரு வசனம். அதைக் கேட்டு நான் டொக்டரய்யாவிடம் நேராகவே போனேன். இன்னொரு தரம் யோகா வந்தால் உள்ளதை உள்ளபடி எழுதுவீர்களா என்று கேட்டேன். அவர் கையைப் பிசைந்துகொண்டு ஒரு கதை சொன்னார். வேறு தோட்டத்தில் இருந்தபோது ஒருத்திக்கு அப்படி எழுதினாராம். கோட்டுக்குக் கூப்பிட்டார்களாம். எட்டுத் தவணை பஸ் ஏறிப் போய் வாசலில் நின்றாராம். கடைசித் தவணையில் அவள் கூண்டில் ஏறி, "நான் விழுந்துட்டேங்க, ஐயாதான் மாத்தி எழுதிட்டாரு" என்றாளாம்.

"அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன் டீச்சர். வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிற வேல எனக்கு வேணாம். புருசன் பொஞ்சாதி இன்னைக்கு அடிச்சுக்கும், நாளைக்குச் சேந்துக்கும். நடுவுல நிக்கிறவனுக்குத்தான் கெட்ட பேரு."

எட்டு நாள் கோட்டு வாசலில் கால் கடுத்ததாம். அதற்காக எங்கள் தோட்டத்துப் பெண்கள் பன்னிரண்டு வருசம் வழுக்கி விழவேண்டும்! காறித் துப்பலாம் போலிருந்தது. வாயில் மாஸ்க் இருந்தது.

மாவுக்கட்டுப் பிரிக்கிறதற்கு முன்னாலேயே அது நடந்தது. காலையில் பிள்ளைமடுவத்தைத் திறக்கிறேன், செல்வி ஒரு கையில் யோகாவையும் மறு கையில் அவள் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு ஓடி வருகிறாள். யோகாவின் கழுத்தில் விரல் தடம். நான்கு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். பேசினால் குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது.

"செவுத்துல கல்ல வச்சு இடிச்சேங்க டீச்சர், அப்பத்தான் விட்டான். ராவைக்கு விட மாட்டான், கொன்னுருவான்" என்றாள் செல்வி. "ஆளு இப்பத் தூங்குறான். எந்திரிக்க முந்தி எதாச்சும் செய்யுங்க."

மூன்று பேரும் பொலித்தீனுக்கு முன்னால் போய் நின்றோம். கழுத்தைக் காட்டினேன். ஐயா, இன்றைக்கு எழுதுங்கள், அடுத்த தடவை துண்டு எழுத ஆள் இருக்காது என்றேன். கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "கொடிக்கயித்துல கழுத்து மாட்டிருச்சா மகள்?" என்று கேட்டார்.

பாருங்கள், கழுத்துக்கு வழுக்கல் சரிவராது என்று கயிறு கண்டுபிடித்துவிட்டார்!

அப்போது யோகாவுக்கு இருமல் வந்தது. நெரிபட்ட தொண்டை அல்லவா, அடி வயிற்றிலிருந்து இழுத்து இழுத்து இருமினாள். டொக்டரய்யா கதிரையைத் தள்ளிக்கொண்டு துள்ளிச் சுவரோடு ஒட்டினார். மனிதர் அவ்வளவு வேகமாக அசைந்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு கையாலும் மாஸ்கைப் பொத்திக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ திறந்துகொண்டது.

"காய்ச்சலும் இருக்குங்கய்யா" என்றேன். "ரெண்டு நாளா வாசம் தெரியலையாம். சோறு அடிப்பிடிச்சதுகூட தெரியலையாம்."

செல்வி என்னை ஒரு தரம்தான் பார்த்தாள். "ஆமாங்கய்யா," என்று பிடித்துக்கொண்டாள், "பிள்ளைக்கும் ராவெல்லாம் அனலாக் கொதிச்சுச்சுங்க. கொழும்புலேருந்து வந்தவன் வீடுங்களே!"

"அத ஏன் மொதல்ல சொல்லல!" என்று கத்தினார். எங்கள் தங்கமான மனிதர் கத்தினார். போனை எடுத்தார், சுகாதார அதிகாரி பி.எச்.ஐ.க்குச் சொன்னார், ஆஸ்பத்திரிக்குச் சொன்னார். பேனையை எடுத்தார். கழுத்தில் ஐந்து விரல் தெரிகிற ஒரு உண்மையை எழுத நடுங்கியவர், தொட்டுப் பார்க்காமல், காய்ச்சல் அளக்காமல், ஒரு பொய்யை ஒரே நிமிசத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். கட்டையால் அல்ல, கையாலேயே துண்டைத் தட்டோடு வீசினார்.

அம்புலன்ஸ் வந்தபோது புருசன் எழுந்து வந்துவிட்டான். தானும் கூடப் போகவேண்டும் என்று நின்றான். தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்புப் போட்ட சிங்களப் பொடியன் ஒருவன் இறங்கி, "காட்டவத் என்ன பே!" என்று ஒரு அதட்டல் போட்டான். யாரும் வரக்கூடாது. தாயையும் பிள்ளையையும் மட்டும் ஏற்றிக் கதவைச் சாத்தினான். கொத்து ரொட்டிக்காரன் நான்கடி பின்னால் போய்ச் சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். பெண்டாட்டியின் கழுத்தைப் பிடித்தவனுக்கு அவள் இருமலுக்கு அவ்வளவு பயம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்கே பி.எச்.ஐ. வந்து அந்த லயத்தில் ஆறு காம்பராவுக்கும் அறிவித்தல் ஒட்டினார். பதினாலு நாள் யாரும் படி இறங்கக்கூடாது. நானும் நோயாளியோடு நின்றவள், என்னையும் என் குவாட்டர்ஸுக்குள் போகச் சொன்னார்கள். நான் தனிக்கட்டை. பிள்ளைகளின் இரைச்சல் இல்லாமல் பதினாலு நாள்! நன்றாகத் தூங்கினேன். பழைய பத்திரிகையெல்லாம் எடுத்துப் படித்தேன். மூன்றாம் நாள் மிஸ் போன் எடுத்தார்.

"அவ சொல்லிப்போட்டா, டீச்சர். கேட்ட உடன எல்லாம் சொல்லிப்போட்டா. கழுத்தை ஆஸ்பத்திரி டொக்டர் பாத்து எழுதியிருக்கிறார். பிள்ளையோட பாதுகாப்பான இடத்துக்கு மாத்தப் போறம். எங்கயெண்டு உங்களுக்கும் சொல்ல மாட்டன், குறை நினைக்காதையுங்கோ."

நான் ஏன் குறை நினைக்கிறேன்? கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மூச்சு அழுதேன். யோகா தப்பிவிட்டாள். இன்றைக்கும் வருசத்துக்கு ஒரு தரம் வேறு வேறு நம்பரிலிருந்து பேசுவாள். குரல் மட்டும் முன்னே மாதிரி இல்லை, கொஞ்சம் கட்டியிருக்கும்.

ஐந்தாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. தாய்க்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை. டொக்டரய்யா என் குவாட்டர்ஸுக்கு முன்னால் ரோட்டில் ஆறடிக்கு அப்பால் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"என் சேவையில இப்பிடி ஒரு அவமானம் எனக்கு வந்ததில்ல டீச்சர். ஆஸ்பத்திரியில கேக்கிறாங்க, காய்ச்சல் பாக்காமலா எழுதுனீங்கன்னு. என்னைப் பொய் எழுத வச்சுட்டீங்களே!"

"நீங்க எழுதுன பொய்யில ஐயா, இது ஒண்ணுதான் ஒரு உசிர காப்பாத்தியிருக்கு" என்றேன். "மத்ததெல்லாம் நீங்களா எழுதுனது."

அவர் டிஸ்பென்சரிப் பக்கம் திரும்பி நடந்தார். அன்றைக்கு என்னைப் போல் ஒரு கெட்டிக்காரி உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த வசனத்தை எத்தனை தரம் எனக்குள் சொல்லிப் பார்த்துச் சிரித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

முடிவு வந்துவிட்டதே, அறிவித்தலைக் கிழித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கிழிக்கவேண்டியவர் பி.எச்.ஐ. அவரோ வேறு ஏதோ வீட்டுக்குப் போய் வந்து, அவரே பதினாலு நாளுக்கு அடைபட்டுவிட்டார். அவர் ஒட்டியதைக் கிழிக்க வேறு ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. டொக்டரய்யாவைக் கேட்டார்களாம். "அது நம்ம வேலையில்ல" என்றாராம். அதனால் பதினாலு நாளும் முழுதாக ஓடியது.

பதினைந்தாம் நாள் காலை பிள்ளைமடுவத்தைத் திறந்தேன். செல்வி வந்தாள். தலையைச் சுற்றித் துவாய் கட்டியிருந்தாள், பல்வலிக்காரி மாதிரி. அவிழ்த்துக் காட்டினாள். இடது காது வீங்கிக் கறுத்து, உள்ளேயிருந்து நீர் வடிந்து காய்ந்திருந்தது.

"எப்பருந்துடி?" என்று கேட்டேன்.

"அவரு அடிக்கிறது எப்பயும் உண்டுதாங்க டீச்சர். மொகத்துல கை வைக்க மாட்டாரு, சத்தமும் போட மாட்டாரு. வேலைக்குப் போனா சரியாயிரும். இது பதினாலு நாளு வீட்டுக்குள்ளயே..." என்றாள். "யோகா வூட்டுச் செவுத்துல நான் இடிச்சேன்ல. எனக்கு இடிக்கத்தான் ஆளில்லாமப் போச்சு."

தேவாரம் பாடுகிறவன். குடிக்காதவன். நான் எழுதிக் கொடுத்த பதினாலு நாள்.

பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஏதோ மிட்டாய் கேட்கிற மாதிரி கேட்டாள். "டீச்சர், எனக்கும் வாசம் தெரியலன்னு சொல்லுவமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். மிஸ்ஸுக்கு அந்த நிமிசமே போன் எடுத்திருக்கவேண்டும். ஒரு தரம் பலித்த வேலை மறு தரமும் பலிக்கும் என்று கூட்டிப் போனேன்.

டொக்டரய்யா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "காய்ச்சலுங்கய்யா, வாசமும் தெரியலங்க" என்றாள் செல்வி. அவர் சிரித்தார். அந்த ஆறேழு மாதத்தில் முதல் தடவையாகப் பொலித்தீனை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஒப்பீஸிலிருந்து புதிதாக வந்திருந்த கருவியை அவள் நெற்றிக்கு நேரே பிடித்தார்.

"தொண்ணூத்தெட்டு. காய்ச்சலில்ல."

உள்ளே போய் ஊசி போட முன் தடவுகிற ஸ்பிரிட் போத்தலை எடுத்து வந்தார். மூடியைத் திறந்து, அவள் மாஸ்கை ஒரு விரலால் கீழே இழுத்துவிட்டு, மூக்குக்கு அடியில் பிடித்தார். செல்வி தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"வாசம் வருதில்ல மகள்?"

"வருதுங்க."

"பொய் சொல்லக் கூடாது மகள்."

அந்தக் காது அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. துவாய் விலகி, கறுப்பும் சீழுமாக. அடிபட்ட ஒரு பெண்ணுக்கு அவ்வளவு கிட்டத்தில் அவர் நின்றது எனக்குத் தெரிந்து கொரோனாவுக்குப் பிறகு அதுதான் முதல் தரம். அவர் பார்த்தது மூக்கை மட்டும்.

"ஐயா, காதப் பாருங்க! அவன் அடிச்சு உடைச்சிருக்கான், எழுதுங்க!" என்று கத்தினேன்.

"டீச்சர் சொல்லி இனி நான் ஒரு எழுத்து எழுத மாட்டேன்" என்றார். அமைதியாகத்தான் சொன்னார். உள்ளே போய்ப் பொலித்தீனை இழுத்துவிட்டார். பொய்க்காரியின் வாயிலிருந்து வந்தால் உண்மைக்கும் மதிப்பில்லை, அதை நான் அன்றைக்குப் படித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தட்டு வெளியே வந்தது. அதில் காதுக்கு விடுகிற மருந்தும் ஆறு மாத்திரையும் இருந்தன. செல்வி குனிந்து எடுத்துக்கொண்டு, "வாறேங்கய்யா" என்று கும்பிட்டாள்.

மிஸ்ஸின் நம்பரைக் கொடுத்தேன். வாங்க மறுத்துவிட்டாள். "வேணாங்க டீச்சர். யோகா மாதிரி நான் போயிட்டா, அவரு பாட்டுப் பாடி அழுதே ஊரையெல்லாம் கூட்டிருவாரு. என்னத்தான் தூத்துவாங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். அவளுக்கு அந்த ஒரு காலையில்தான் போக மனமிருந்தது.

பென்சனில் போகும்போது டொக்டரய்யாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பாட்டுப் பாடியவன் செல்வியின் புருசன். தன் காலத்தில் தோட்டத்திலிருந்து ஒரு பொலிஸ் கேஸ்கூடப் போனதில்லை என்று ஐயா பேசினார். சனம் கை தட்டியது. நான் தட்டவில்லை, அவ்வளவுதான் என் வீரம்.

செல்விக்கு இடது காது போய்விட்டது. இன்றைக்கும் காலையில் சின்னவனை விட வருவாள், சிரிப்பாள், வாயாடுவாள். நாம் பேசினால் வலது பக்கத்தைத் திருப்பிக் காட்டுவாள். என்மேல் அவளுக்கு ஒரு துளி கோபமில்லை, அதுதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் அவள் பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டு குனிந்திருந்தபோது, பக்கத்தில் போய், "என்ன மன்னிச்சுரு புள்ள" என்று சொல்லிவிட்டேன். அவள் நிமிரவில்லை, கேட்கவில்லை. நான் நின்றது இடது பக்கம். தெரிந்துதான் அந்தப் பக்கம் நின்றேன்.